இன்னிக்கு வீட்ல என்ன சமையல்?

காலை பதினொரு மணி ஆனதும் புதுத்தேரியின் முந்நூற்றுப் பதிமூன்று வீடுகளிலும் ஏவலன்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து மின்சாரம் சாப்பிடத் தொடங்கும். அரிந்த காளான் பாதியில் கிடக்கும். பாதி குளிப்பாட்டிய குழந்தை சோப்பு நுரையோடு வீடு முழுக்க ஓடும். யார் கத்தினாலும் ஒரு மணி நேரத்துக்கு அந்த இயந்திர வேலையாட்கள் அசைய மாட்டா.

புதுத்தேரி செவ்வாய் கிரகத்தில் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து குடியேறியவர்கள் கண்ணாடிக் கூரைக்கு வெளியே தெரிந்த சிவப்பு மண்ணைப் பார்த்தார்கள். வேறு பெயரை அவர்கள் யோசிக்கவே இல்லை.

மின்சாரம் சாப்பிடும் ஏவலனுக்கு எதிரே ஒரு சுவர்த்திரை. மண்புயல் எச்சரிக்கைக்காக அதை அணைக்கக் கூடாது என்று சட்டம். எச்சரிக்கை இல்லாத நேரமெல்லாம் அதில் தேரி டிவி ஓடியது. மனிதர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் கடுகளவு காட்சிமணி ஒன்று இருந்தது. அது மனதை அறிந்து, அவரவருக்கென்றே கதை தயாரித்துக் கண்ணுக்குள் ஓட்டும். கணவன் பார்க்கும் தொடர் மனைவிக்குத் தெரியாது. அதனால் ஊரில் ரிமோட் சண்டை இல்லை. பேச்சும் அவ்வளவாக இல்லை.

தேரி டிவி என்பது இரண்டே பேர். உரிமையாளர், செய்தி வாசிப்பாளர், வானிலை நிபுணர் மூன்றும் தவசிக்கனி, வயது ஐம்பத்திரண்டு. தொகுப்பாளர், கேமராமேன், டீ போடுகிறவர் மூன்றும் காதர்மைதீன்.

ஒரு நாள் காலை தலைமைக் குடியிருப்பிலிருந்து கடிதம் வந்தது. முப்பது நாளில் அதிகாரி வருவார். நூறு மனிதப் பார்வையாளர்கள் இல்லையென்றால் உரிமம் ரத்து. அறை காளான் பண்ணைக்குப் போகும்.

"இன்னைக்கு எவ்வளவு காட்டுது?" என்றாள் தவசிக்கனி. எல்லாத் திரைகளின் மேலும் விழியெண்ணி உண்டு. மனிதக் கண்களை மட்டும் எண்ணும்.

"நாலு, யக்கா."

"நாலு பேரா?"

"நாலு கண்ணு."

"அப்ப ரெண்டு பேரு."

"அந்த ரெண்டு பேரும் நாமதான்."

தவசிக்கனிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனவன் காதுல கடுகை வச்சுக்கிட்டு மூலையில உக்காந்து தனியா சிரிக்கான். ஊருன்னா ஒரே நிகழ்ச்சிய எல்லாரும் பாத்துட்டு மறுநாள் அடிச்சுக்கிட வேண்டாமா? நான் உசுரோட இருக்க வரைக்கும் அந்தக் கடுகைத் தொட மாட்டேன், தம்பி!"

பதினொரு மணிக்கு 'உங்கள் பாட்டு' தொடங்கியது. நேயர்கள் தொலைபேசியில் பேசி, விரும்பிய பாட்டைக் கேட்கலாம். மூன்று வருடமாக யாரும் பேசியதில்லை. காதர் வழக்கம் போலக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சிரிப்பு கழன்று விழ, "யாராச்சும் ஒருத்தர், ஒரே ஒருத்தர் போன் பண்ணுங்களேன்" என்று கெஞ்சிவிட்டான்.

ஏவலன்களின் உலோகத் தலைக்குள் ஒரு விதி உண்டு. மனிதன் உதவி கேட்டால் உதவ வேண்டும். மணி அடித்தது.

"ஹலோ, தேரி டிவி! யாரு பேசுறீங்க?"

"மூன்றாம் வரிசை, ஏழாம் வீடு, பேச்சிமுத்து இல்லத்து ஏவலன்."

காதர் ஒரு கணம் விழித்தான். ஆனால் வாய் பழகிய வாய். அதுவாகவே அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

"ரொம்ப சந்தோஷம்! இன்னிக்கு வீட்ல என்ன சமையல்?"

"மீன் குழம்பு. பூமியிலிருந்து வந்த உண்மையான நெத்திலி. ஆனால் மைத்துனர் சாப்பிட வருவதாகத் தகவல் அனுப்பினார். அடுப்பு பழுது என்று அவரிடம் சொல்லச் சொன்னார்கள்."

"ஐயய்யோ, அத ஏன் எங்ககிட்ட சொல்லுதீய?"

"உங்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை."

"சரி... பாட்டு யாருக்காக?"

"மைத்துனருக்காக."

மைத்துனர் வீட்டிலும் ஒரு ஏவலன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவர் பேச்சிமுத்து வீட்டு வாசலில் கையில் தட்டோடு நின்றார். ஒரு மணிக்குள் மூன்றாம் வரிசை முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

மறுநாள் பதினொரு மணிக்கு விழியெண்ணி நாற்பத்தாறு காட்டியது. நான்காம் வரிசை ஏவலன் ஒன்று, தன் எஜமானர் தினமும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, நீர்த்தொட்டி அறையில் தூங்குவதாகச் சொல்லிற்று. மூன்றாம் நாள் நூற்றுத் தொண்ணூறு. கல்யாணத்துக்கு வந்த வெங்காயம் எத்தனை, பந்திக்குப் போனது எத்தனை என்ற விவரம் அன்று வெளியானது.

மக்கள் காட்சிமணியை நிறுத்திவிட்டுத் திரை முன் உட்கார்ந்தார்கள். காட்சிமணியில் வந்த கதைகள் எல்லாம் அருமைதான். ஆனால் ஒன்றில்கூட பக்கத்து வீட்டுக்காரி இல்லை.

தன் ஏவலனைப் பேசாதே என்று தடுத்துவிடலாம். ஆறாம் வரிசை இசக்கியம்மாள் தடுத்துப் பார்த்தாள். மறுநாள் குழாயடியில் நாலு பேர் மறித்துக்கொண்டார்கள்.

"உங்க வீட்டு ஏவலன் மட்டும் ஏன் மதினி பேச மாட்டேங்குது? அப்படி என்னத்த மறைக்கீய?"

அன்றே தடையை நீக்கிவிட்டாள்.

முப்பதாம் நாள் அதிகாரி வந்தார். பெயர் ஞானதிரவியம். எதற்கும் முகம் மாறாத மனிதர். அவர் விழியெண்ணியின் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம் கேட்டது. ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரர் கையிலும் ஒரு மனு.

தவசிக்கனி வெளியே எட்டிப் பார்த்தாள். "போச்சு தம்பி. நிறுத்தச் சொல்லித்தான் வாராங்க. நாளைக்கு இந்த மேசை மேல காளான் முளைச்சிரும்."

அதிகாரி மனுக்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய புருவம் மெல்ல ஏறியது.

"அம்மா, மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு மனு."

"தெரியும் சார்."

"எல்லாத்துலயும் ஒரே விஷயம்தான். எங்க வீட்டு விவகாரத்த மட்டும் டிவில போடக் கூடாது."

தவசிக்கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருங்க, கீழே இன்னொரு வரி இருக்கு. நிகழ்ச்சி நேரம் போதல, அரை மணி நேரம் கூட்டித் தரணும்."

காதர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அதிகாரி அவனை முறைத்துவிட்டு முத்திரையை எடுத்தார். ஐந்து வருட உரிமம், அரை மணி நேரம் கூடுதல். முத்திரை குத்திய கையோடு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கல்யாண வெங்காயம் கடைசில யார் வீட்டுல இருந்துச்சு?"

தவசிக்கனி பதில் சொல்வதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. கூட்டம் வீட்டுக்கு ஓடியது. காதர் கேமரா முன் குதித்தான். மணி அடித்தது.

"ஹலோ, தேரி டிவி! யாரு பேசுறீங்க?"

"முதல் வரிசை, இரண்டாம் வீடு, தவசிக்கனி இல்லத்து ஏவலன்."

"ஏ, நம்ம அக்கா வீடு!" காதர் உற்சாகத்தில் கைதட்டினான். வாய் தன் வேலையைச் செய்தது. "இன்னிக்கு வீட்ல என்ன சமையல்?"

"சமையல் இல்லை. அக்கா வீட்டுக்கு வந்தால் சமைப்பதில்லை. சுவர்த்திரையின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, காட்சிமணியில் தொடர் பார்ப்பார்கள். தினமும் நான்கு மணி நேரம். ஐந்து வருடமாக ஒரே தொடர். அதில் அக்கா மகாராணி."

காதரின் கை காற்றில் அப்படியே நின்றது. விழியெண்ணி ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. தேரி டிவி தொடங்கிய நாளிலிருந்து அந்த எண்ணை யாரும் பார்த்ததில்லை.

தவசிக்கனி மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினாள். இரண்டே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

ஞானதிரவியம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தாளை வாங்கி, படிக்காமலே மனுக்கட்டின் அடியில் செருகினார்.

"முந்நூற்றுப் பதிமூணு" என்றார். "கொஞ்சம் சத்தம் போடாம இருங்கம்மா, அது இன்னும் பேசுது."