பர்செல் விற்ற கேம்பர்

ஹார்லன் பர்செலிடம் அந்தப் பழைய கேம்பரை, சக்கரம் வைத்த அந்தச் சின்ன வீட்டை, வாங்கி, என் டிரக்குக்குப் பின்னால் மாட்டி இழுத்துவந்து வீட்டு முற்றத்தில் நிறுத்தினபோது மே மாதம் பிறந்திருந்தது. கொட்டகை நிழலில் இன்னும் பனி கிடந்தது. மிச்சிகனின் இந்த வடகோடியில் அப்படித்தான்.

சிரித்துக்கொண்டே விற்கிறவனை நான் நம்புவதில்லை. பர்செல் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். "அண்ணன் வச்சிருந்தது, பெரியவரே. அவருக்கு வயசாயிருச்சு, ஏறி இறங்க முடியல" என்றான். பார்த்தால் அவனுக்கே அறுபது தாண்டியிருக்கும்.

நம்பாமலேதான் வாங்கினேன். காரணம் லெம்பி, என் பெண்சாதி. அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. குளிர்காற்று பட்டால் தாங்கமாட்டாள், கூடாரம் என்ற பேச்சே எடுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கோ சுப்பீரியர் ஏரிக்கரையில் இன்னும் ஒரு ராத்திரி அலைச்சத்தம் கேட்டுக்கொண்டு தூங்கவேண்டும். "அடுத்த வருஷம் இருப்பேனோ என்னமோ, ரெய்னோ" என்றாள். மாதக் கடைசி விடுமுறைக்குள் சூடு நிற்கிற கேம்பர் ஒன்று தயாராக வேண்டும். அவ்வளவுதான்.

கதவைத் திறந்ததும் அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் எலி வாடை. அதற்கும் அடியில் வேறொன்று. அடைத்த அறைக்குள் ஒருத்தர் நெடுநேரம் மூச்சுவிட்டால் வருமே, அந்தப் புழுங்கின வாடை.

இழுப்பறைகளில் எலி கூடு கட்டியிருந்தது. மெத்தையைக் குதறியிருந்தது. ஒரு சொல் சொன்னானா பர்செல்? எங்கள் பக்கத்தில் கேம்பர் வைத்திருக்கிற எவனும் முதலில் செய்வது ஒன்றுதான்: பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை உருட்டி, ஓட்டை என்று கண்ணில் படுவதையெல்லாம் அடைப்பான். எலிப்பல் கம்பி நாரில் இறங்காது. நானும் அடைத்தேன். பிறகு குழாய் உறையாமலிருக்க ஊற்றிவைத்திருந்த ரோஸ் நிறத் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினேன். கூரை மூட்டுகளில் பசை பூசினேன். கேஸ் குழாயில் சோப்பு நுரை தடவி, கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். புது மெத்தை போட்டேன்.

மறுநாள் காலையில் போனால் ஜன்னல்கள் அத்தனையும் திறந்து கிடந்தன. உள்ளே கைப்பிடியைச் சுற்றிச்சுற்றித் திறக்கிற ஜன்னல்கள் அவை. காற்றுக்குத் தானாகத் திறக்காது. ராத்திரி மழையில் மெத்தை ஊறிப்போயிருந்தது.

பக்கத்து வீட்டு வெய்க்கோ காபிக் குவளையோடு வேலியோரம் நின்றான்.

"உன் வேலைதானேடா?"

"எது?"

"ஜன்னல்."

"எனக்கு என் வீட்டு ஜன்னலைத் திறக்கவே தோள்பட்டை வரமாட்டேங்குது. உன் ஓட்டை டப்பாவுக்கு வந்து ஊழியம் பண்ணணுமாக்கும்."

"அப்ப வேற யாரு?"

"பேயா இருக்கும். கவலைப்படாதே, உன் மூஞ்சியப் பாத்தா அதுவே ஓடிரும்."

கதவுக்குப் பூட்டு போட்டேன். சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் பூட்டு பூட்டினபடி இருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. நான் அடைத்த கம்பி நார் எல்லாம் பிடுங்கப்பட்டு, சாப்பாட்டு மேசையில் குவிந்து கிடந்தது. குவியலை அள்ளினபோது விரலில் ஏதோ குத்தியது.

நகம்.

சிவப்புச் சாயம் பூசின பொம்பளை நகம். அடியோடு பிய்ந்திருந்தது.

லெம்பி நகத்துக்குச் சாயம் பூசினவள் இல்லை. நியாயமாக எனக்குப் பயம் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம். நாள் நெருங்குகிறது, அவள் தினமும் சாப்பிடும்போது "முடிஞ்சுதா?" என்று கேட்கிறாள், இங்கே எவளோ என்னோடு விளையாடுகிறாள். ஜன்னல் ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து திருகாணி போட்டு இறுக்கினேன். கம்பி நாரை இரட்டையாக உருட்டி, சுத்தியல் காம்பால் இடித்து அடைத்தேன். வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாய் வாயையும் விடவில்லை.

அன்று மத்தியானம் தூறல். ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகச் சூடு பிடித்தது.

"நான் கொஞ்சம் படுத்துப் பாக்கறேன்" என்றாள் லெம்பி. "மெத்தை முதுகுக்குச் சரியா இருக்கான்னு தெரியணும்ல?"

"தூங்கிராதே. ராத்திரி தூக்கம் வராம என்னைப் படுத்துவே."

"ஆமா, உன் குறட்டையில நான் தூங்கிட்டாலும்."

கதவைச் சாத்திவிட்டுக் கொட்டகைக்குப் போய், சக்கரத்துக்குக் கிரீஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். தகரத்தில் தூறல் விழும் சத்தம். வேறு சத்தம் இல்லை.

தட்.

கேம்பர் பக்கமிருந்து வந்தது.

தட். தட்.

"வரேன், இரு" என்றேன்.

நிற்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் கதவில் அறைகிற சத்தம். கேம்பரே ஆடியது. லெம்பிக்கு அத்தனை பலம் ஏது? மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவள்.

கிரீஸ் கையோடு ஓடினேன். கதவுக்கு மிக அருகே, மரத்தில் வாயை ஒட்டிவைத்துப் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"திற."

லெம்பி குரல் இல்லை.

திறந்தேன். கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. கடைசிக் கட்டிலில், போர்வைக்குள் லெம்பி கிடந்தாள். கன்னம் இரண்டும் சானா நீராவி அறையிலிருந்து வந்தவளைப் போலச் செக்கச்செவேலென்று இருந்தது. உலுக்கினேன். எழவில்லை.

தூக்கிக்கொண்டு வெளியே வந்து ஈரப்புல்லில் கிடத்தினேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்து அவளை மீட்டார்கள். ஹீட்டர் புகை வெளியேறுகிற குழாயில் கம்பி நார் இருந்ததாம், அந்தப் புகைக்கு வாடையே கிடையாதாம், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவ்வளவுதானாம். அடைத்தவன் நான்தான். அதை எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

லெம்பி கண் திறந்ததும் முதலில் கேட்டேன்: "எப்படி நடந்து வந்து கதவைத் தட்டினே?"

"நானா? கையைத் தூக்கவே முடியல." பிராணவாயு முகமூடிக்குள் மெதுவாகப் பேசினாள். "ஒரு பொம்பளை என்னைத் தாண்டிப் போனா, ரெய்னோ. கதவுகிட்ட போய்த் தட்டினா."

வீட்டுக்கு வந்து கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. அதன் கீழே மரத்தில் கீறல்கள். நெஞ்சு உயரத்தில் தொடங்கி, தரை வரைக்கும். கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு கொக்கியைக் கழற்றி, திருகாணி ஓட்டைகளை மக்குப் பசை வைத்து மூடினதற்குத் தடம் இருந்தது.

டிரக்கை எடுத்தேன். பர்செல் ஊர்க் கடையில் விசாரித்துவிட்டுத்தான் அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"உன் அண்ணன் பேரென்ன?"

"வாங்க பெரியவரே. டயர் ஏதும் தொந்தரவா?"

"உனக்கு அண்ணனே இல்லைங்கிறாங்க. பெண்சாதி இருந்தாளாமே."

சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "கோரா. அது விபத்துங்க. எலித்தொல்லைன்னு ஓட்டையெல்லாம் அடைச்சிருந்தேன். அவ ஹீட்டரைப் போட்டுட்டுப் படுத்துட்டா. நான் மீன் பிடிக்கப் போயிருந்தேன். தூக்கத்திலேயே போயிட்டா. வலியே இல்ல."

"கதவுக்கு வெளியே கொக்கி எதுக்கு?"

"காத்துக்கு அடிச்சுக்கும், அதான்."

"தூக்கத்துல போனவ கதவைப் பிறாண்டினாளா?"

"அது எப்படித் தெரிஞ்சுது? ரெண்டு பூச்சு அடிச்சேனே."

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. நான் கை ஓங்கினேன். அவன் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தக் கோபத்திலும்.

புகார் கொடுத்தேன். ஷெரீஃப் போலீஸ் ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்து கீறல்களைப் படம் பிடித்தான். பழைய கீறலை வைத்து என்ன நிரூபிப்பது தாத்தா என்றான். படித்தவன். போய்விட்டான்.

கேம்பரைக் கொளுத்திவிடுகிறேன் என்றேன். லெம்பி விடவில்லை. "அவ தட்டலைன்னா நான் இல்ல. கம்பி நாரை எல்லாம் பிடுங்கு. எலி வந்தா வரட்டும்."

பிடுங்கினேன். திருகாணிகளைக் கழற்றினேன். விஷப்புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்று வாங்கி மாட்டினேன். சொன்ன நாளுக்கு ஏரிக்கரைக்குப் போனோம். ராத்திரி முழுக்க லெம்பி பக்கத்து ஜன்னல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கதவோரத்து ஜன்னல் மட்டும் தானாகத் திறந்தது, ஒரு விரல் நுழைகிற அளவு. அலைச்சத்தம் அதன் வழியாகத்தான் வந்தது. லெம்பி குழந்தை மாதிரித் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கமில்லை.

குளிர்காலம் வந்து கேம்பர் முற்றத்தில் பனிக்குள் நின்றது. ஆளில்லை, ஹீட்டர் இல்லை, கண்ணாடி எல்லாம் உறைபனி. கதவோரத்து ஜன்னலில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பனி உருகும், மறுபடி மூடும். உருகும், மூடும். நிம்மதியாகத் தூங்குகிறவர் மூச்சு போல, நிதானமாக. சமையலறையிலிருந்து பார்த்துப்பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது.

ஜனவரியில் ஒரு காலை வெய்க்கோ வந்து பூட்ஸைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "உனக்குக் கேம்பர் வித்தவன் போயிட்டானாம்டா. ராத்திரி. தூக்கத்திலேயே, வலியே இல்லாம."

அவன் போன பிறகு லெம்பி ஜன்னலோரம் நின்று என்னைக் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"ரெய்னோ. ரெண்டு இருக்கு."

பார்த்தேன். மேலே எப்போதும் இருக்கிற தடம், எப்போதும் போல நிதானமாக. கீழே, கண்ணாடியின் மூலையில், இன்னொன்று. சின்னதாக. படபடவென்று உருகி, மூடி, உருகி, மூடி. காற்றுக்குத் தவிக்கிற வாய்.

பிறகு சத்தம் வந்தது. இரண்டு உள்ளங்கை, கதவில்.

"போய்த் திறக்கப் போறியா?" என்றாள் லெம்பி.

நான் காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் மத்தியானம் வரைக்கும் கேட்டது. இன்றைக்கும் கேட்டது.

அந்தக் கதவில் இப்போது கொக்கி இல்லை. பூட்டு இல்லை. பனி வருவதற்கு முன்னாலேயே தாழ்ப்பாளைக்கூடக் கழற்றிவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும்.