கால்மாட்டில் ஒரு தலையணை

1989. ஏப்ரல் மாதம். மாலை ஐந்தரை மணி.

சுங்கை பட்டாணியில், எலெக்ட்ரானிக் தொழிற்சாலைப் பெண்களுக்காகக் கட்டிய புது ஹாஸ்டலின் மூன்றாவது மாடி. தட்டியும் திறக்கவில்லை என்று ஹாஸ்டலிலிருந்து போன் வந்ததால், கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போன இன்ஸ்பெக்டர் ஹெர்பர்ட் முதலில் தொப்பியைக் கழற்றினார். செத்தவளுக்கு மரியாதை என்று கான்ஸ்டபிள் நினைத்திருப்பார். உண்மையில் வியர்வை தாங்கவில்லை. அறை அடுப்பாய்க் கொதித்தது.

எதிரே சுவரே இல்லை, முழுக்கக் கண்ணாடி. திறக்க வழியில்லாத கண்ணாடி. அதன் வழியாக வெயில் நேரே கண்ணைக் குத்தியது. குளிரூட்டும் ஏர்கோன் ஓடவில்லை. வலப்பக்கச் சுவரோரம் தலைமாட்டுக் கம்பி இருக்கும்படி இரண்டு இரும்புக் கட்டில்களைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். ஒன்றில் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. மற்றதில் இராசாத்தி கிடந்தாள். வயது இருபது. செர்டாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுப் பெண்.

"தலகீழாக் கெடக்கு சார்," என்றார் கான்ஸ்டபிள் குழந்தைவேலு. "காலு தலமாட்டுல, தல கால்மாட்டுல. யாரோ தூக்கிப் போட்டிருக்காங்க."

கதவு பூட்டியிருந்தது. இரண்டே சாவி. ஒன்று இராசாத்தியின் தலையணைக்கு அடியில். மற்றது அவளோடு தங்கியிருந்த, அப்போது சந்தைக்குப் போயிருந்த பிரேமாவதியின் கைப்பையில். அவளே காலையில் இராசாத்திக்கு மாத்திரையும் கொடுத்திருக்கிறாள். வேறென்ன வேண்டும்? அன்றைக்கே பிரேமாவதியை லாக்கப்பில் போட்டார்கள்.

மறுநாள் டாக்டர், விஷம் எதுவும் இல்லை, உடம்பில்தான் சூடு அளவுக்கு மீறி இருந்தது என்றார். பெரிய அதிகாரி அசையவில்லை. பூட்டிய அறையில் இளம்பெண் எப்படிச் செத்தாள் என்று யாராவது சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக் காலை பிரேமாவதி கொலைக் குற்றத்துக்குக் கோர்ட்டில் நிற்பாள். அந்தக் குற்றத்துக்கு மலேசியாவில் என்ன தண்டனை என்பது லாக்கப்பில் இருந்தவளுக்கும் தெரியும்.

ஹெர்பர்ட் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"என்ன மாத்திர குடுத்தே?"

"சளி மாத்திர சார். அதுக்குக் காய்ச்சலு. நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்திருந்திச்சி, தூங்கணும்லா."

"எப்பப் போனே?"

"சோறு வாங்க, மத்தியானத்துக்கு முன்ன. அப்புறம் பாசாருக்குப் போயிட்டேன்."

"ஏன் பூட்டிட்டுப் போனே?"

"வயர்மேனு, கிளீனரு எல்லாம் மேல வருவானுங்க. பொம்பளப் புள்ள தூங்குற ரூம யாரு சார் தொறந்து போடுவா?"

"அவள ஏன் தலகீழாப் போட்டே?"

பிரேமாவதி அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். இப்படியும் ஒரு கேள்வியா என்கிற பார்வை.

"நான் போடல சார். நாங்க அப்படித்தான் படுப்போம். வடக்க தல வச்சி யாராச்சும் படுப்பாங்களா?"

ஹெர்பர்ட் கத்தோலிக்கர். இடம் கிடைத்த பக்கம் தலையை வைத்து, ஜெபத்தைச் சொல்லிவிட்டுத் தூங்குகிற குடும்பம். எட்டுத் திக்கும் ஆண்டவருக்குச் சொந்தம். ஆனாலும் சந்தேகம் என்று வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. நேரே ஹாஸ்டலுக்குப் போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். பிரேமாவதி சொன்னது பொய்யில்லை. எஸ்டேட்டுப் பெண்களின் தலையணை எல்லாம் கால்மாட்டில்தான் இருந்தது. ஜெனவீவ் என்ற ஒருத்தியின் தலையணை மட்டும் முறையாகத் தலைமாட்டில் இருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இவருக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவள்.

அறைக்கு வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்க, கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் மோரிஸிடம் போனார். மோரிஸும் அதே கோயில்தான். பாடகர் குழுவில் நல்ல குரல். வாங்க அண்ணே என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளாக ஹாஸ்டல் எழுந்து நின்றது.

"முழுக் கட்டடமும் இதுக்குள்ள இருக்கு அண்ணே. செவுரு, கண்ணாடி வழியா எவ்வளவு சூடு உள்ள வருதுன்னு இதுவே கணக்குப் போட்டுரும். புது மின்சிக்கன ரூல் ஒண்ணு இருக்கு. அளவு தாண்டினா கட்ட விடமாட்டாங்க. நம்ம பில்டிங் பாஸ். அதான் பகல்ல ஏர்கோனே வேணாம்னு கம்பெனிக்குச் சொல்லிட்டேன்."

"கட்டில் தெரியுமா இதுல?"

"கட்டில் என்ன, கதவுக் குமிழே தெரியும்."

"தலமாடு எந்தப் பக்கம்?"

மோரிஸ் திரையின் மூலையிலிருந்த திசைக் குறியைப் பார்த்தார். "கெழக்கு. கண்ணாடி வடக்கப் பாத்து இருக்கு."

ஹெர்பர்ட் திரையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவர்மேல் விரலை வைத்தார். ஒரே கோயில்காரனிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

"கெழக்க தல வச்சிப் படுக்க எந்தத் தமிழ்ப் புள்ளயும் பயப்படாது மோரிஸ். அந்த ஹாஸ்டல்ல ஒருத்தியத் தவிர அத்தன பேரும் தலையணைய மாத்திப் போட்டிருக்காங்க. அப்படின்னா அந்தச் செவுரு வடக்கு. செவுரு வடக்குன்னா கண்ணாடி மேக்கு. நான் அங்க நின்னப்ப சாயங்கால வெயிலு கண்ணுல குத்திச்சி. அப்பவும் என் மரமண்டைக்கு ஏறல. கம்ப்யூட்டர்ல கட்டடத்தத் திருப்பி வச்சது யாரு?"

மோரிஸ் திரையை அணைத்தார்.

"முதலாளிக்கு ரோட்டப் பாத்துக் கண்ணாடி வேணும். ரோடு மேக்கால. எத்தன தடவ போட்டாலும் ஃபெயிலு அண்ணே. கண்ணாடியக் கொறைக்கவும் விடல. கடைசியில கம்ப்யூட்டர்ல மட்டும், வெயிலு கொறையிற வடக்கப் பாத்துக் கால்வட்டம் திருப்பினேன். பாஸ் ஆயிருச்சி. கொஞ்சம் புழுக்கமா இருக்கும், அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"காய்ச்சக்காரப் புள்ள. மாத்திர போட்டு அசந்து தூங்கியிருக்கு. மேல வெயிலு, காத்து இல்ல, ஏர்கோன் இல்ல. வெளிய பூட்டு. அந்த ரூமுக்குள்ள யாரும் வரல மோரிஸ். நீதான் முன்னாலயே வந்துட்டே."

அன்று மாலையே பிரேமாவதியை விட்டுவிட்டார்கள். காய்ச்சலால் இறப்பு என்று எழுதிக் கேஸையும் மூடினார்கள். ஹெர்பர்ட் எல்லாவற்றையும் விளக்கியபோது பெரிய அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். வெயில் அடித்ததற்கு யாரைக் கைது செய்வது என்று கேட்டார். கட்டடத்தை மூடச் சொல்ல ஹெர்பர்ட் தொழிற்சாலைக்கும் போனார். கணக்குப்படி அறை குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்றார் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை மோரிஸ் வழக்கம்போலப் பாடினார். ஹெர்பர்ட்டுக்கு நற்கருணை வாங்கக் கால் எழவில்லை.

பிரேமாவதி வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் ஹெர்பர்ட் ஒரு மேசைக் காற்றாடி வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனார். வாசலில் அவளோடு சின்னப் பெண் ஒருத்தி துணிமூட்டையுடன் நின்றாள்.

"இராசாத்தி தங்கச்சி சார், நவமணி. அக்கா வேலய இதுக்குக் குடுத்துட்டாங்க. என் ரூமுதான்."

"எஸ்டேட்டுக்கே போயிரலாம்லா ரெண்டு பேரும்?"

"ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டிச் சாச்சிட்டாங்க சார். வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

வார்டன் காளியம்மா காற்றாடியைக் கண்டதும் ஓடிவந்து மறித்தாள். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ரூமுக்குள்ள காத்தாடி போடக் கூடாது சார். கரண்ட் அளவு தாண்டிரும், ரூலு. எனக்கு வேல போயிரும்."

ஹெர்பர்ட் அவளோடு வாதாடிப் பார்த்தார். பிறகு காற்றாடியைக் காரிலேயே வைத்தார். பெண்கள் இருவருக்கும் அன்றைக்கு நைட் ஷிப்ட். அதற்குள் தூங்கி எழ வேண்டும். அக்கா எந்தக் கட்டிலில் படுப்பாள் என்று கேட்டபடியே நவமணி மாடி ஏறினாள்.