மூடி தொலைந்த கயாக்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, உப்பங்கழிப் பாலத்துக்குக் கீழே அலையாத்தி வேர்களுக்கு இடையிலிருந்து தையல் கடை டைலரின் உடலை வெளியே எடுத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது உடலைக் கரையில் கிடத்தித் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். அவள் குனிந்து தார்ப்பாயை விலக்கினாள். நாற்பது வயதுப் பெண். புத்தம்புது நீலச் சட்டை. காலர் ஓரத்தில் வெள்ளை நூலில் பொடித்தையல். ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. சட்டைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் இல்லை.

"இதுல ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் எஸ்.ஐ. "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம். அந்தம்மா மேலதான் தப்பு."

"அதுக்குள்ள தீர்ப்பே எழுதிட்டீங்களா?"

எஸ்.ஐ. கரையில் கிடந்த மஞ்சள் கயாக்கைக் காட்டினார். ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் படகு. உள்ளே வெறும் கூடு. கூட்டுக்குள் கசியும் தண்ணீரை வடிக்கப் பின்பக்கம் ஒரு துளை. துளைக்கு ஒரு திருகு மூடி. இந்தப் படகில் துளை மட்டும் இருந்தது.

"மூடி போடாம ஏறியிருக்காங்க. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா உள்ள ரொம்பி கவுந்திருக்கு. நீச்சலும் தெரியாது. ஜாக்கெட்டைப் பாருங்க, சீட்டுக்குப் பின்னால வலையில செருகி வெச்சிருக்காங்க. புழுங்குதுன்னு கழட்டியிருப்பாங்க. தானா தேடிக்கிட்ட சாவு மேடம்."

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. செத்தவள் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எவ்வளவு சுலபமாகப் பேச வருகிறது!

"படகும் ஜாக்கெட்டும் அப்படியே ஸ்டேஷனுக்குப் போகட்டும். கழுவுறேன், துடைக்கிறேன்னு யாராவது கையை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

ஒரு கான்ஸ்டபிள் படகைத் தனியாளாகத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டில் ஏறினார். அவர் நடக்க நடக்கப் படகுக்குள் ஏதோ சரசரவென்று ஓடியது.

படகுகளை வைக்கும் கொட்டகை கழியோரமாகவே இருந்தது. டைலரோடு படகு ஓட்டப் போன நண்பர்கள் மூவரும் ஈரத் துணியோடு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிள் கடை வைத்திருப்பவரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள், படகுகள் அவருடையவை. பக்கத்தில் பேங்க்காரர், முட்டியைக் கட்டிக்கொண்டு. மூலையில் பல் டாக்டர், ஒல்லியான பெண், அழுது முகம் வீங்கியிருந்தது. டைலரும் அவளும் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழிகள்.

இன்ஸ்பெக்டர் முதலில் கேப்டனிடம் போனாள்.

"யார் யார் எங்க இருந்தீங்க?"

"நானும் பேங்க்காரரும் முன்னால, ஜோடியா. டாக்டர் நடுவுல. டைலர் அக்கா கடைசி. வளைவு தாண்டினதும் பின்னால இருக்கிறவங்க தெரிய மாட்டாங்க."

"அப்புறம்?"

"டாக்டர் வேகமா வந்து எங்களைப் புடிச்சாங்க. அக்காவைக் காணோமேன்னு கேட்டேன். 'பின்னாலதானே வந்தா'ன்னாங்க. திரும்பினோம். படகு கவுந்து மிதந்துட்டு வந்தது. அதைக் கரைக்குத் தள்ளி, பார்த்துக்குங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு, நான் அக்காவைத் தேடி இறங்கினேன்."

"நீங்க?" பேங்க்காரரிடம் திரும்பினாள்.

"கீழ சிக்னல் இல்ல மேடம். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பாலத்து மேல ஓடினேன்."

"ஜாக்கெட் இல்லாம ஆளை ஏத்துவீங்களா கேப்டன்?"

கேப்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் படகுல ஜாக்கெட் இல்லாம ஒருத்தர் கால் வைக்க முடியாது. கரையில நானே ஒவ்வொரு பக்கிளா இழுத்துப் பார்ப்பேன். இன்னைக்கும் பார்த்தேன். அக்காவோட ஜாக்கெட் அவங்க அளவுக்கு அவங்களே பிரிச்சுத் தைச்சது. வேற யாருக்கும் சேராது."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தாள். சுவர் முழுக்கப் புகைப்படங்கள் ஒட்டியிருந்தன. நடுக்கழியில் மூவர், துடுப்பை உயர்த்தியபடி. டைலர் தனியாக, வாய்விட்டுச் சிரித்தபடி. எல்லாம் பளிச்சென்ற படங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நல்லா இருக்கே. யார் எடுத்தது?"

"டாக்டர்தான்," என்றார் பேங்க்காரர். "அவங்க எடுத்தா கண்ணாடி மாதிரி இருக்கும்."

பல் டாக்டர் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அவ எப்பவும் இப்படித்தான் மேடம். எதுலயும் கவனம் கிடையாது. மூடி இல்லாததை நான்தான் முதல்ல பார்த்தேன். நூறு தடவை சொல்லியிருப்பேன்..." மீதி வார்த்தை அழுகையில் கரைந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டைலரின் கணவன் நின்றிருந்தான். பஸ் டிரைவர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். அழுகை இல்லை, ஆத்திரம்தான்.

"வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? அந்தத் தண்ணியில அப்படி என்ன வெச்சிருந்தது? ஜாக்கெட்டைக் கழட்டிட்டுப் போனாளாமே! ரெண்டு புள்ளைங்க வீட்ல இருக்குதுன்னு ஒரு நெனப்பு இருந்திருந்தா கழட்டுவாளா?"

"வீட்ல அவங்க கவனக்குறைவா இருப்பாங்களா?"

அவன் இன்ஸ்பெக்டரை முறைத்தான். "கேஸ் அடுப்பை மூடினோமான்னு ராத்திரி ரெண்டு தரம் எழுந்து பார்ப்பா," என்றான், இன்னும் கோபமாக. "அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

ஸ்டேஷனுக்கு வந்ததும் ஜாக்கெட்டை மேஜையில் விரித்தாள். பக்கிள் உடையவில்லை, நாடா அறுபடவில்லை. மார்புப் பையின் ஜிப்பைத் திறந்து விரலை விட்டாள். உள்ளே ஒரு துண்டு தையல் சாக்பீஸ். எடுத்துப் பார்த்தாள், விளிம்பு கத்தி மாதிரி கூராக இருந்தது. விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது.

வெளியே முற்றத்தில் படகு கிடந்தது. கான்ஸ்டபிளிடம், துளை கீழே வரும்படி அதை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னாள். ஒரு கைப்பிடி மணல் பொலபொலவென்று தரையில் கொட்டியது.

"எஸ்.ஐ. சார், இங்க வாங்க. இதைத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். முகம் மாறியது.

மறுநாள் காலை மூவரையும் அதே கொட்டகைக்கு வரவழைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு பொருள். ரெண்டும் தண்ணியில கவுந்து கிடந்ததா சொன்னீங்க. படகுக்குள்ள தண்ணி ரொம்பித்தான் கவுந்ததுன்னா, உள்ள இருந்த மணல் சேறாகியிருக்கணும். நேத்து என் கான்ஸ்டபிள் தோள்ல அது காஞ்ச மணலா ஓடுச்சு. அத்தனை பேர் காதுலயும் விழுந்தது, யாருக்கும் உறைக்கல. படகு தண்ணியில இருந்தவரைக்கும் மூடி அதோட இடத்துலதான் இருந்தது. கரைக்கு வந்த பிறகுதான் ஒரு கை அதைத் திருகி எடுத்திருக்கு."

கேப்டன் திரும்பி மற்ற இருவரையும் பார்த்தார்.

"அடுத்தது ஜாக்கெட். வலையில செருகினபடி படகோட கவுந்திருந்தா, பையில இருந்த சாக்பீஸ் கூழாகியிருக்கும். மேல தெறிச்ச துளியைத் தவிர அந்த ஜாக்கெட் தண்ணியையே பார்க்கல. அப்படின்னா கவுந்த படகுல அது இல்ல. கவுழாத இன்னொரு படகுல இருந்தது. கேப்டனும் பேங்க்காரரும் கரையை விட்டதுலேருந்து ஒண்ணாவே இருந்தவங்க. அப்புறம் ஒருத்தர் தண்ணிக்குள்ள, ஒருத்தர் பாலத்து மேல. படகுக்குப் பக்கத்துல தனியா நின்னது ஒரே ஆள்."

பல் டாக்டர் பின்னால் ஒரு அடி நகர்ந்தாள். முதுகு சுவரில் இடித்தது.

"அவ ஏன் கழட்டினான்னு மட்டும் முதல்ல எனக்குப் பிடிபடல," என்று இன்ஸ்பெக்டர் தொடர்ந்தாள். "கேஸ் அடுப்பை ரெண்டு தரம் பார்க்கிற பொம்பளை. அப்புறம் இந்தச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை போட்டோ இருக்கே கேப்டன், ஒண்ணுலயாவது ஜாக்கெட் இருக்கா?"

கேப்டன் சுவரைப் பார்த்தார். அவர் தினமும் பார்க்கும் சுவர்தான்.

"அது... போட்டோவுக்கு அந்த ஒரு நிமிஷம் மட்டும்... ஆரஞ்சு கலர் கண்ணை உறுத்துதுன்னு டாக்டர் சொல்லுவாங்க..."

"கரையில பக்கிளை இழுத்துப் பார்த்துட்டு, நடுத் தண்ணியில கழட்ட விட்டீங்க. உங்க கணக்கு தனியா இருக்கு, அப்புறம் பேசிக்கலாம்." அவள் பல் டாக்டர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க."

பல் டாக்டரிடமிருந்து எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"அவதான் கேட்டா. புதுச் சட்டை தைச்சிருக்கேன், கடையில மாட்ட ஒரு படம் வேணும்னு. ஜாக்கெட் மறைக்குது, கழட்டிக் குடுன்னேன். குடுத்தா. என் மடியில வெச்சுக்கிட்டு எடுத்தேன். அப்போ ஒரு மோட்டார் படகு பறந்துட்டுப் போச்சு. அலை அடிச்சு அவ படகு புரண்டுடுச்சு. நான் கிட்ட போயிருந்தா என்னையும் சேர்த்து இழுத்திருப்பா மேடம்! முங்குறவங்க அப்படித்தான் பிடிப்பாங்க. எனக்கு பயம். உதவிக்கு ஆள் கூப்பிடத்தான் முன்னால போனேன்..."

"கூப்பிட்டீங்களா?"

அவள் தலைகுனிந்தாள்.

"'பின்னாலதானே வந்தா'ன்னு சொல்லியிருக்கீங்க. சரி, பயம். கிட்ட போக முடியல. ஜாக்கெட் உங்க மடியில இருந்ததே. உட்கார்ந்த இடத்துலேருந்து தூக்கிப் போட்டிருக்கலாமே?"



"தோணல," என்றாள் பல் டாக்டர். "தோணவே இல்ல."

"கரையில மூடியைத் திருகி எறியத் தோணுச்சு. ஜாக்கெட்டை வலையில செருகத் தோணுச்சு. அவளுக்குக் கவனம் கிடையாதுன்னு எங்கிட்ட அழுதுகிட்டே சொல்லத் தோணுச்சு. உயிரைக் காப்பாத்துற ஒண்ணு மட்டும் தோணல!"

இன்ஸ்பெக்டரின் குரல் உயர்ந்துவிட்டது. அதைத் தாழ்த்த அவள் முயலவில்லை.

"கிளம்புங்க. எஸ்.ஐ. சார், சாட்சியத்தை மாத்தினதுக்கும், கண்ணு முன்னால சாக விட்டுட்டு மறைச்சதுக்கும் என்னென்ன பிரிவு இருக்கோ எல்லாம் போடுங்க. நேத்து எழுதின ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடுங்க."

எஸ்.ஐ. அந்த இடத்திலேயே அதைக் கிழித்தார்.

மதியம் இன்ஸ்பெக்டர் டிரைவர் வீட்டுக்குத் தனியாகப் போனாள். கூடத்தில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். "குடும்பப் பொம்பளைக்குப் படகு எதுக்கு?" என்று ஒரு பெரியம்மா யாருக்கோ எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூத்த பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள். மூடி சரியாக இருந்தது. ஜாக்கெட்டை நம்பிக்கையான ஒருத்தி கையில் கொடுத்தாள். அந்தக் கை அதைத் திருப்பித் தரவில்லை. பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். மூத்த பெண் காதிலிருந்து கையை எடுத்தாள்.

டிரைவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"செத்ததுலேருந்து நான் அவளைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன் மேடம்," என்றான். "காலையில அடக்கம் பண்றப்போ, மூஞ்சியை மூடுறதுக்கு முன்னால கடைசியா பார்க்கச் சொன்னாங்க. கோவத்துல பார்க்க மாட்டேன்னுட்டேன்."