வட்டைவிதானையார் என்று தேடினால்

அந்த ஐயாவுக்குத் தன் பெயர் மறந்துபோயிருந்தது.

ஸம்றாவின் வாப்பா ஷரிபுதீன்தான் திங்கட்கிழமை அவரைக் கல்முனை பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். நெற்றியில் பாதி அழிந்த திருநீறு. இடுப்பில் சேறு காய்ந்த சாரம். பொலிஸில் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் உறவினர் யாரும் வராவிட்டால் மட்டக்களப்பிலுள்ள முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

உம்மா சோறு வைத்தால் இரண்டு கவளத்துக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க ஸம்றாவுக்கு அழுகை வந்தது.

அவளுடைய அண்ணன் ஜுனைட் ஊர்ச் செய்திகளுக்காக ஓர் இணையத்தளம் நடத்துகிறான். ஐயாவின் படத்தை அன்றைக்கே அதில் போட்டுவிட்டான். புதன்கிழமை வரை ஓர் அழைப்புக்கூட வரவில்லை.

"நானா, அந்தப் பக்கத்துக்கு என்ன தலைப்பு போட்டீங்க?"

"முக்கிய அறிவித்தல்."

"கரண்ட் வெட்டுக்கும் அதத்தானே போட்டீங்க?"

"ஓம். இதுவும் முக்கியம்தானே?"

"ஆளத் தேடுறவங்க 'முக்கிய அறிவித்தல்' எண்டா எழுதித் தேடுவாங்க?"

ஜுனைட் தலையைச் சொறிந்தான். "அப்ப நீயே சொல்லு புள்ள."

"'மூத்தாப்பாவக் காணல்ல' எண்டு போடுங்க. நான் அப்பிடித்தான் தேடுவன்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குச் சப்பென்றாகிவிட்டது. திருநீறு பூசும் வீட்டில் யாரும் மூத்தாப்பா என்று சொல்வதில்லை. அப்பப்பா என்பார்கள், அம்மப்பா என்பார்கள். ஊரில் எத்தனையோ அப்பப்பாக்கள்.

"அவரிட்டயே கேட்டா என்ன?" என்றாள்.

"எல்லாரும் பேரக் கேட்டாச்சு. அவருக்குத் தெரியல்ல."

ஆமாம், எல்லாரும் பெயரைத்தான் கேட்டிருந்தார்கள். ஸம்றா அவர் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்கட ஊரு ஆக்கள் உங்கள என்னெண்டு கூப்பிடுவாங்க?"

அவர் நிமிர்ந்தார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் குரல் உறுதியாக வந்தது.

"வட்டைவிதானையார்."

வயல்வட்டைகளுக்குத் தண்ணீர் பங்கிடுபவரின் பதவி அது. எந்த ஊர் என்று கேட்டதும் மறுபடி வாசலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"இந்த மாவட்டத்தில எத்தின வட்டைவிதானை இருப்பாங்க!" என்றான் ஜுனைட்.

"காணாமப் போனவர் ஒராள்தானே, நானா?"

அன்றே தலைப்பு மாறியது: 'காணாமல் போன வட்டைவிதானையார் கல்முனையில் இருக்கிறார்.'

வியாழன் முழுக்க ஸம்றா தொலைபேசியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அது அசையவில்லை. மறுநாள் பயணத்துக்காக உம்மா ஐயாவின் உடுப்பைத் துவைத்து மடித்து வைத்தார். அந்த மடிப்பைப் பார்க்கவே ஸம்றாவுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. பத்து மணிக்குச் சாகாமத்திலிருந்து ஓர் ஓட்டோ வந்து நின்றது. ஐயாவின் மகன் கேதீஸ்வரனும், ஸம்றாவின் வயதிலேயே இருந்த பேத்தி கிருசிகாவும் இறங்கினார்கள்.

"இவ்வளவு தூரம் பஸ் ஏறுவார் எண்டு நாங்க நினைக்கவே இல்ல," என்றார் கேதீஸ்வரன்.

"அப்பப்பாட பேரப் போட்டு நாலு நாளாத் தேடினன்," என்றாள் கிருசிகா. "ஒண்டும் வரல்ல. இண்டைக்கு விடியத்தான் ஊருல சொல்ற மாதிரி எழுதிப் பாத்தன்."

ஐயாவுக்கு அவளையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் அவள் பிடித்த கையை அவர் விடவில்லை. கிருசிகா அழுதாள். ஸம்றாவும் அழுதாள்.

ஓட்டோ போனபின் ஜுனைட் அந்தப் பக்கத்தை அழிக்கப் போனான்.

"அழிக்காதீங்க நானா. அவரு ஊருல இன்னும் ஆக்கள் தேடிக்கிட்டிருப்பாங்க."

ஸம்றா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்: 'வட்டைவிதானையார் வீடு போய்ச் சேர்ந்தார்.'