வேரைப் பாருங்க, அண்ணாச்சி!

தோட்டக்காரர் அய்யாத்துரை அண்ணாச்சி அரிவாளோடு பள்ளிக்கூடத்து மாமரத்தில் ஏறியதைப் பார்த்ததும் சமீனாவுக்குப் பகீரென்றது. அவர் குறிவைத்த கிளையில்தான் அவளும் தோழி ஷாரோனும் தினமும் எட்டிப் பார்க்கிற ஆர்க்கிட் செடி இருந்தது. நேற்றுதான் மொட்டு விட்டிருந்தது.

"அண்ணாச்சி, அதை வெட்டாதீங்க!"

"ஏட்டி, தள்ளி நில்லு! இது புல்லுருவி. மரத்தையே குடிச்சிரும். எல்லாத்தையும் வெட்டச் சொல்லிட்டாங்க பெரிய டீச்சர்."

ஷாரோன் கண்ணைக் கசக்கினாள். "மரத்து மேல எது முளைச்சாலும் இங்கன அதுதான் பேரு. போச்சு!"

சமீனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் ஊர் தொண்டி. அத்தா தென்காசியில் மீன்கடை போட்டதால் இந்த வருஷம்தான் பக்கத்திலிருக்கும் இந்த மேலகரத்துக்குக் குடிவந்திருந்தாள்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் அண்ணாச்சி. கடலுக்குள்ள புல்லு இருக்கு. எல்லாரும் பாசி, பாசிம்பாங்க. அத்தா ஒண்ணைப் பிடுங்கிக் காட்டுனாரு. பாசிக்கு வேரே கிடையாது. புல்லுக்கு மண்ணுக்குள்ள வேர் ஓடுது. பூகூடப் பூக்கும்!"

"கடலுக்குள்ள பூவா? எனக்கே காது குத்துதியா?"

"நெசமா! அது தண்ணிக்குள்ள நின்னாலும் மண்ணை விடாது. இந்த ஆர்க்கிட்டுக்கு மண்ணே வேண்டாம், சாரல் போதும். ரெண்டும் அடுத்தவங்க சாப்பாட்டுல கை வைக்காது. பேரை விடுங்க, வேரைப் பாருங்க!"

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். வெள்ளை வேர் ஒன்றை நகத்தால் மெல்லத் தூக்கினார். அது சுலபமாக எழும்பியது. அடியில் மரப்பட்டை முழுசாக இருந்தது.

பக்கத்துக் கிளையில் இன்னொரு செடி. அது கிளைக்குள்ளேயே புகுந்திருந்தது. புகுந்த இடம் கட்டிபோல வீங்கியிருந்தது.

"அட, இவன்லா திருடன்!"

சடக்கென்று அந்தப் புல்லுருவியை வெட்டிப் போட்டார். ஆர்க்கிட் பக்கம் அரிவாள் போகவே இல்லை. ஷாரோன் சமீனாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

அடுத்த வாரம் ஆர்க்கிட் இளஞ்சிவப்பில் சரம் சரமாகப் பூத்தது. தலைமையாசிரியை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தப் புல்லுருவியை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இது புல்லுருவி இல்ல டீச்சர். சந்தேகம்னா நம்ம சமீனாட்ட கேளுங்க. கடலையே கரைச்சுக் குடிச்ச பிள்ளை!"

அன்று வீடு போய்ச் சேரும்வரை சமீனாவின் கால் தரையில் பாவவில்லை.