அறுபத்தாறாம் சாலையில் பத்து ஜோடிக் கண்கள்

காலை ஆறு மணிக்கு நெடுஞ்சாலை தொண்டையைக் கனைத்துக்கொண்டு செய்தி வாசிக்க ஆரம்பித்தது. 2184-ல் இது ஓர் அதிசயமே இல்லை. சிகாகோவில் கிளம்பி சாண்டா மோனிகா கடற்கரை வரைக்கும் போகிற அந்தப் பழைய அறுபத்தாறாம் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டபோது, கையோடு குரலும் போட்டுவிட்டார்கள். அன்று முதல் அது வாயை மூடியதில்லை.

"ஓக்லஹோமாவில் ஆலங்கட்டி மழை. அரிசோனாவில் காட்டுக் கழுதைகள் சாலை மறியல். நியூ மெக்ஸிகோவில், உலகின் மிகப் பெரிய டிபன் கேரியருக்கு இன்றே கடைசி நாள்."

பல் தேய்த்துக்கொண்டிருந்த தணிகாசலம் நுரையை விழுங்கிவிட்டார். டிபன் கேரியர் அவருடையது. நாற்பதடி உயரம், நாலு அடுக்கு, அசல் எவர்சில்வர். அதன் நிழலில்தான் அவரும் மனைவி அம்சவேணியும் எட்டு அறைகளோடு ஒரு விடுதி நடத்தி வந்தார்கள்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. தினமும் முந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். வந்ததெல்லாம் பதிலிகள், அதுதான் சங்கடம். மனிதர்கள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, தங்களுக்குப் பதிலாக ஒரு இயந்திரத்தைச் சுற்றுலாவுக்கு அனுப்புவார்கள். அது போய் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்து, பார்த்த நினைவை எஜமானரின் மூளைச்சில்லில் இறக்கி வைக்கும். பாவம், பதிலிகள் நன்றாகத்தான் பார்த்தன. ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம் நின்று, பிடியில் இருக்கும் திருகாணி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

சட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வருடத்துக்குப் பத்து மனிதர்களாவது, ஆளுக்கு ஒரு முழு நிமிடம், சொந்தக் கண்ணால் பார்த்தால்தான் அது பார்க்கத்தக்க இடம். கம்பத்தில் பொருத்திய கண்மானி இதைக் கணக்கெடுக்கும். தேறாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போகும், குடிநீர்க் குழாயும் போகும். பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்?

இந்த வருடக் கணக்கு பூஜ்யம். மார்ச்சில் ஒரு மனிதர் வந்து டிபன் கேரியரைப் பார்த்தபடி நின்றார். ஆனால் அவர் ஒதுங்க வந்தவர். நாற்பது விநாடியில் வேலை முடிந்து போய்விட்டார்.

"என்னங்க, பஸ் வருது! உள்ள எல்லாம் நெஜ மனுசங்க!" என்று அம்சவேணி கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

யாரோ ஒரு தமிழ்ச் சங்கத்தார், நாற்பத்து மூன்று பேர். தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சாலை ஆய்வாளராக வந்திருந்த இயந்திரமும் கண்மானியின் அருகே போய் நின்றுகொண்டது.

இறங்கினார்கள். இறங்கிய கையோடு நாற்பத்து மூன்று பேரும் டிபன் கேரியருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தலைக்கு மேலே நாற்பத்து மூன்று பறக்கும் காமிராக்கள். சிரித்தார்கள், தலைமுடியைச் சரிசெய்தார்கள், மறுபடி சிரித்தார்கள்.

"பூஜ்யம்," என்றது ஆய்வாளர்.

"ஏம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்," என்று அம்சவேணி ஒரு பட்டுப்புடவைக்காரியிடம் கெஞ்சினாள்.

"அதான் படத்துல வந்திருக்கேக்கா. வீட்ல போயி நிதானமாப் பாத்துக்கறோம்."

பஸ்ஸில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். தணிகாசலத்துக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. சத்தம் கேட்டாலாவது திரும்புவார்களா என்று, மேல் மூடியைத் தூக்குவதற்கான கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். மூடி தூக்கிக்கொண்டு, சறுக்கி, ஊரே அதிரும்படி கீழே விழுந்தது. விலகி ஓடப் பார்த்த தணிகாசலத்தின் இடது கால் அதன் விளிம்பில் மாட்டிக்கொண்டது. "ஐயோ, அம்மா!" என்று அலறினார்.

நாற்பத்து மூன்று பேரும் திமுதிமுவென்று இறங்கி ஓடி வந்தார்கள். வட்டமாகச் சூழ்ந்து நின்றார்கள்.

"யாராவது தண்ணி குடுங்கப்பா!"

"காத்து விடுங்க, காத்து விடுங்க," என்று சொல்லிக்கொண்டே ஒருவர் முன்னால் வந்தார்.

"சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க, பின்னாடி மறைக்குது."

"இதெல்லாம் முன்னாடியே பாத்துக் கட்டியிருக்கணும்."

அம்சவேணி ஒற்றை ஆளாக மூடியைத் தூக்க முயன்றாள். "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, ஒரு கை குடுங்களேன்யா!" என்று அழுதாள். எல்லோரும் அடுத்தவரைப் பார்த்து, "அட, ஒரு கை குடுங்கப்பா!" என்றார்கள். யாரும் குனியவில்லை.

வரிசையில் நின்ற இரண்டு பதிலிகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூடியைப் பற்றின. அப்போதுதான் தணிகாசலத்தின் பார்வை கண்மானி மேல் விழுந்தது. அது ஒன்பது காட்டியது.

"தூக்காதே!" என்று கத்தினார். "ஒன்னே ஒன்னு கொறையுது! அப்படியே விடு!"

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்றாள் அம்சவேணி.

பத்து ஆயிற்று. அப்புறம் மளமளவென்று நாற்பத்து மூன்று. பதிலிகள் மூடியைத் தூக்கின. நல்லவேளை, எலும்பு முறியவில்லை, ரத்தம் மட்டும்தான். ஆட்டம் முடிந்தது என்று கூட்டம் கலைந்து பஸ் ஏறியது.

"பட்டியலில் நீடிக்கிறீர்கள்," என்றது ஆய்வாளர். "ஒரு சிறு திருத்தம். அவர்கள் பார்த்தது டிபன் கேரியரை அல்ல, உங்களை. ஆகையால் காட்சிப்பொருளின் பெயர் இனி 'மூடிக்கு அடியில் மனிதர்'. தினமும் பத்திலிருந்து ஐந்து வரை அந்த நிலையிலேயே இருக்க வேண்டும்."

அடுத்த வாரம் நாலாயிரம் பேர் நேரில் வந்தார்கள். பதிலிகளை வீட்டில் விட்டுவிட்டுக் குழந்தை குட்டிகளோடு அறுநூறு மைல் தாண்டி வந்தார்கள். இப்படிப்பட்டதை நேரில் பார்க்காமல் இருக்கலாமா? தணிகாசலம் காலுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு மூடிக்கு அடியில் படுத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "ஐயோ, அம்மா!" என்றார். தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வந்தது.

மாத முடிவில் பார்வையாளர்களிடமிருந்து ஆய்வாளருக்கு ஒரே ஒரு புகார் வந்தது. இருநூறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்கு மறுநாளே வாசலில் வேலி போட்டு, பதிலிகளுக்கு அனுமதியில்லை என்று பலகை மாட்டினார்கள்.

"பின்ன என்னங்க?" என்றார் புகாருக்குத் தலைமை தாங்கியவர். "ஆசையா வந்து நிக்கிறோம். அதுங்க ஓடிப் போயி அவரைத் தூக்கி விட்டுடுதுங்க. நாங்க எதைப் பாக்கறது?"