சாய்ந்து விழுந்த முத்திரை

"நான் பொய் சொல்றேனாம், ஐயா! என் கை எரியறது வெறும் கற்பனையாம்!"

சவே ஹிராகாவின் வீட்டுக் கதவைத் தள்ளிய வேகத்தில் மேசை மேலிருந்த தேநீர் சிந்தியது. ஜப்பானின் நீகாத்தா துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் முன்பு இயந்திரத்தில் வலக்கை நசுங்கியவள் அவள். காயம் ஆறியும் வலி ஆறவில்லை. டாக்டர் இகுனோவின் அறிதுயில் (ஹிப்னாடிச) சிகிச்சைதான் அவளுக்குத் தூக்கத்தைத் திருப்பித் தந்தது.

தொழிலாளர் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஹிராகா, அவள் நீட்டிய தாளை நிதானமாகப் படித்தார். 'அறிதுயிலில் என் வலி கற்பனை என ஒப்புக்கொண்டேன். திங்கள் முதல் குளிர் அறை வேலைக்குத் திரும்புகிறேன்.' கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, வரிசையாக மூன்று பெயர் முத்திரைகள். வலக்கோடியில் சவேயுடையது, நடுவில் பணியாளர் பிரிவுத் தலைவர் குரிஹாஷியுடையது, இடக்கோடியில் மேலாளருடையது. மேலாளருடையது மட்டும் நேராக இருந்தது. மற்ற இரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"ஆஸ்பத்திரியில டாக்டர் நீட்டினாராம், நான் மயக்கத்துலயே குத்தினேனாம். குரிஹாஷி சொல்றான். நிஜமாவே குத்திட்டேனோன்னு பயந்து சிகிச்சைக்கே போறதில்லை, ஐயா."

"டாக்டர்தான்! தூங்க வச்சே கழுத்தறுத்துட்டான்!" என்று கொதித்தார் ஹிராகாவின் நண்பர் டொமோனோ. டாக்ஸி ஓட்டி ஓய்ந்தும் வேகம் குறையாத மனிதர்.

"பொறுடா. அம்மா, உங்க முத்திரை எங்க இருக்கும்?"

"ஒண்ணு பையில. அதே மாதிரி ஒண்ணு லீவு சீட்டுக்காக ஆபீஸ்ல."

ஹிராகா பழைய செய்தித்தாளில் குத்தச் சொன்னார். இடக்கையால் மூன்று முறை குத்தினாள். மூன்றும் நேராக விழுந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இகுனோ வெடித்தார். "அறிதுயில்ல யாரும் கைப்பாவை ஆகிறதில்லை! நிஜ வலியைத் தாங்கத்தான் மனசைப் பழக்குறோம். கற்பனைன்னு நான் சொல்வேனா?" குறிப்பேடு முழுவதும் அவர் குத்திய முத்திரைகள் நேராகவே இருந்தன.

மறுநாள் தொழிற்சாலை அலுவலகத்தில் சவே, டாக்டர், மேலாளர், குரிஹாஷி எல்லோரும் கூடினார்கள். ஹிராகா தாளை விரித்தார்.

"மேலதிகாரியோட முத்திரைக்குத் தலைவணங்குற மாதிரி தன்னோடதைச் சாய்ச்சுக் குத்துறது ஆபீஸ் ஆளுங்க பழக்கம். மீன் வெட்டுற அம்மாவுக்கு அது தெரியாது, டாக்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மயக்கத்துல குத்தினா கோணலா விழலாம், உங்க முத்திரை சாய்ஞ்ச அளவுக்கே அச்சா சாயுமா, குரிஹாஷி? இவங்க முத்திரை உங்க ஆபீஸ்லயே இருந்துச்சு. குனிஞ்சு குனிஞ்சு பழகின கை, மேலாளர் ஐயா. திருட்டு வேலையிலயும் தானா குனிஞ்சிருச்சு!"

"அடப்பாவி!" என்றார் டொமோனோ.

குரிஹாஷியின் முகம் வெளிறியது. "விபத்துக் கணக்குல ஒரு ஆள் குறைஞ்சா மேலாளர் சந்தோஷப்படுவார்னு..." மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரிஹாஷி சவேயின் முன் இடுப்பொடியக் குனிந்தான்.

"நிமிருடா!" சவேயின் குரலில் வெளியே மீன் வெட்டிய கைகள் நின்றன. "உன் கும்பிடு எனக்கு எதுக்கு? என் கை வலிக்குதுன்னு சொல்லு. அவங்க எல்லாருக்கும் கேக்கணும்."

அவன் முணுமுணுத்தான்.

"இன்னும் சத்தமா!"